லாரி நம்பரும் என் வெப்சைட்டும்

பத்திரிகை நடத்துகிறவர்கள் இப்போதெல்லாம் என்னைத் தேடி வருகிறார்கள். கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறி வந்து, என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இன்டர்நெட்டில் எல்லாமே சும்மா கிடைக்கிற காலத்தில், உங்கள் வெப்சைட்டுக்கு மட்டும் ஜனங்கள் எப்படி ஐயா சந்தா கட்டினார்கள்? இப்படிக் கேட்டவர்களில் எம்.ஏ. படித்தவர்கள் உண்டு, வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவர்கள் உண்டு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஐந்தில் பாஸா என்று கேட்டால், அது வாத்தியாருக்கும் எனக்கும் உள்ள விஷயம். அந்த வெப்சைட்டின் லாபத்தில்தான் இந்தக் கூடத்துக்கு மொசைக் போட்டேன், மாடி எடுத்தேன், மாடிக்குக் கிரில் வைத்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் மில்கள் நிறைய. அவற்றுக்கு லாரி லாரியாகப் பழைய இரும்பு கொண்டுவரும் வியாபாரிகளுக்கு ஒரே ஒரு கவலைதான்: இன்றைக்கு எந்த மில்லில் என்ன ரேட்? ஒரு கேட்டில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அடுத்த கேட்டில் டன்னுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு அந்த மனிதனுக்குச் சோறு இறங்காது. அச்சாபீசில் பேப்பர் அடுக்கும் வேலையில் சேர்ந்து, சொந்தமாக ஓர் ஆப்செட் மிஷின் வாங்கும் வரை முன்னேறிய நான், இந்த வயிற்றெரிச்சலுக்குள் ஒரு பத்திரிகை இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். மில் மில்லாகப் போய், பர்ச்சேஸ் ஆபீசில் உள்ளவர்களோடு நாஷ்டா சாப்பிட்டு, ரேட்டைத் தெரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை தோறும் நான்கு பக்கம் அடித்து விற்றேன். ஆசிரியர், நிருபர், அச்சிடுபவர், வெளியிடுபவர், மொபெட்டில் கொண்டுபோய்ப் போடுபவர், எல்லாம் நானே.

பத்திரிகைக்கு நல்ல பெயர். பெயர்தான் நல்ல பெயர். புதுவாயல் ஜங்ஷனில் உள்ள டீக்கடையில் ஒரு பிரதி வாங்கிச் சுவரில் ஒட்டினால், நெடுஞ்சாலையில் போகிற அத்தனை பேரும் வண்டியை நிறுத்திப் படித்துவிட்டுப் போனார்கள். விற்றது ஒன்று, படித்தவர்கள் ஊர்.

இந்தச் சமயத்தில்தான் என் மகனுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வந்தாள். செவ்வாப்பேட்டைப் பெண். கம்ப்யூட்டரில் டிகிரி முடித்து, தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் வேலை பார்த்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே என் பத்திரிகையைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டுச் சொன்னாள்:

"மாமா, நம்ம பேப்பரு வெள்ளிக்கிழமை வருது. ரேட்டு திங்கக்கிழமையே மாறிடுது. இத்தயே வெப்சைட்டுல போட்டா காலைல மாறுனத காலைலயே போடலாம். அதுவும் சந்தா கட்டுனவங்க மட்டுந்தான் பாக்க முடியும்."

"மட்டுந்தான்னா?"

"மட்டுந்தான் மாமா. மத்தவங்களுக்குத் தொறக்கவே தொறக்காது."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்தேன். சுவரில் ஒட்ட முடியாத பத்திரிகை. மறு வாரமே ஆப்செட் மிஷினை விற்றுவிட்டேன். வாங்கியது வேறு யாருமில்லை, திருவள்ளூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் என் மனைவியின் தம்பிதான். வேன் வைத்து மிஷினை ஏற்றும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"மாமா, இந்த மிஷினுக்கு உங்க கைதான் பழக்கம். எங்கிட்ட கீற பசங்க பேப்பரக் கிழிச்சிடுவானுங்க. வெப்சைட்டு வேலைக்காவலன்னா ஒரு போன் போடுங்க. வந்து நீங்களே ஓட்டுங்க. மத்த ஆளுங்களுக்குக் குடுக்கறதவிட உங்களுக்குக் கொஞ்சம் சேத்தே தரேன்."

நான் வாங்கிய மிஷினை நானே கூலிக்கு ஓட்ட வேண்டுமாம். வேன் தெருமுனை தாண்டியதும் மனைவியிடம் பாய்ந்தேன். அவள் அசரவில்லை.

"அவன் பாசத்துல சொல்றான்யா."

"பாசத்துல சொல்றவன் இன்னாத்துக்குச் சம்பளத்தையும் சேத்துச் சொல்றான்?"

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த வெப்சைட் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் நான் திருவள்ளூருக்குப் போய் என் மைத்துனன் முன்னால் கையில் மையோடு நிற்க வேண்டும். எனக்குப் பாக்கி இருந்த மரியாதை முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது.

வெப்சைட் கட்டியது மருமகள். கட்டச் சொன்னது நான். வீடு கட்டியவர் யார் என்று கேட்டால் கொத்தனாரையா சொல்வீர்கள்? முதல் பக்கத்தில் பிள்ளையார் படமும், அதைச் சுற்றிக் கண்சிமிட்டும் சீரியல் விளக்கும் வைக்கச் சொன்னேன். வைத்தாள். அந்தக் கால இன்டர்நெட்டில் பிள்ளையார் தும்பிக்கை வரை இறங்குவதற்குள் ஒரு டீ குடித்து வந்துவிடலாம். சில நாள் கழித்து டக்கென்று திறந்தது. நான் டெலிபோன் ஆபீசில் போட்ட சத்தத்தால்தான் லைனைச் சரிசெய்தார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். விளக்கை மருமகள் எடுத்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் சத்தம் போட்டதும் உண்மைதானே.

அடுத்தது பாஸ்வேர்டு. இதில்தான் என் மூளையைப் பார்க்க வேண்டும்.

"பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக் கூடாது மாமா. பொறந்த தேதி மாதிரி எதுனா வெக்கச் சொல்லலாமா?"

எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே கிடையாது. பெரிய புயல் அடித்த வருஷம், ஏரி உடைந்த வருஷம் என்றுதான் சொல்வார்கள். மனைவி பெயரைக் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆனால் லாரி நம்பர்? தூக்கத்தில் உலுக்கிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் கடைப் பெயர்தான் யூசர்நேம், அவரவர் லாரி நம்பர்தான் பாஸ்வேர்டு என்று அறிவித்தேன். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து மில்லிலிருந்து எனக்குப் போன் வந்துவிட்டது. பேசி முடித்துத் திரும்பினால் அவள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஆகவே அந்த முடிவில் அவளுக்கும் பங்கு உண்டு என்றே இன்றும் கருதுகிறேன்.

முதல் சந்தாதாரர் பழவேற்காட்டு பாய். பரம்பரையாகக் கடல் சரக்கு வியாபாரம் செய்த குடும்பம். இவர் மட்டும் பழைய இரும்புக்கு வந்து பெரிய ஆளாகிவிட்டார். நெடுஞ்சாலையில் பாய் எந்த மில்லுக்கு வண்டியைத் திருப்புகிறாரோ அந்த மில்லுக்குத்தான் மற்றவர்களும் திருப்புவார்கள். அவர் ஒரு வருஷ சந்தா கட்டினார். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் கட்டினார்கள். அதோடு நின்றது. அதற்குப் பிறகு ஓர் ஈ, காக்கை வரவில்லை.

ஆனால் ஒரு விசித்திரம். எங்கே போனாலும் என் ரேட்டையே என்னிடம் சொன்னார்கள். பொன்னேரியில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஷேவிங் செய்துகொண்டிருந்தவர் நான் காலையில் போட்ட ரேட்டைப் பைசா பிசகாமல் சொன்னார். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. சலூன்காரரிடம், இது யாருடைய ரேட் தெரியுமா என்று மார்தட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னபோதுதான் அவள் கேட்டாள்:

"அவரு சந்தா கட்டியிருக்காரா மாமா?"

நோன்பு மாதத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் பாயைப் பார்த்தேன். ஒரு வருஷ சந்தா முடிகிற நேரம். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் பேசிவிட்டார்.

"தப்பா நெனச்சிக்காதண்ணே. டப்பு கட்டுன எனக்கும் அதே ரேட்டுதான் தெரியுது, கட்டாதவனுக்கும் அதே ரேட்டுதான் தெரியுது. நோம்பு முடிஞ்சா வருசம் முடியுது. நான் எதுக்குத் திரும்பக் கட்டணும், நீயே சொல்லு."

பாய் கட்டாவிட்டால் மற்ற பத்துப் பன்னிரண்டு பேரும் கட்ட மாட்டார்கள். இந்த நிலைமை மனைவி மூலமாகத் திருவள்ளூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுநாளே மைத்துனன் போன். முகூர்த்த மாதம் வருகிறதாம், மிஷினுக்கு ஆள் வேண்டுமாம், நான் எப்போது வரலாம் என்று கேட்டான். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திருடனைப் பிடிக்க நேரே புதுவாயலுக்குப் போனேன். டீக்கடைக்குப் பக்கத்திலேயே ஒரு பிரவுசிங் சென்டர். நெடுஞ்சாலையைப் பார்த்தாற்போல் பெரிய கண்ணாடி. என்னைத் தெரியாத ஆள் சென்டர் நடத்தினார். ஓரமாக உட்கார்ந்தேன். முன்னால் இரண்டு பேர், பார்த்தாலே தெரிந்தது, பழைய இரும்புக்காரர்கள். திரையில் என் பிள்ளையார். ஆனால் அவர்கள் திரையைப் பார்க்கவில்லை, கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பச்ச லாரி போன வாரம் தொறந்துச்சிடா."

"இன்னிக்கு அது வர்ல. அதோ, டீ குடிக்க ஒண்ணு நிக்குது பாரு. பின்னாடி பேரு படிக்க முடியுதா?"

"கடப் பேரு தெரியுது. நம்பரு தெரியல, சேறு அப்பிக்கினு கீது."

"போய்த் தொடச்சிப் பாத்துனு வா."

ஒருவன் எழுந்து போய், நின்ற லாரியின் பின்னால் குனிந்து, உள்ளங்கையால் சேற்றைத் துடைத்து, நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடி வந்தான். டைப் அடித்தார்கள். என் பக்கம் திறந்தது.

லாரியின் பின்பலகையை அப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். மேலே கடைப் பெயர், கீழே நம்பர். மேலே யூசர்நேம், கீழே பாஸ்வேர்டு. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க என் சாவிகள் மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சென்டர்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்பாகக் குனிந்தார்.

"தலைவரே, உங்களுக்கும் இரும்பு ரேட்டா? எந்த லாரின்னு சொல்லுங்க, நானே தொறந்து தரேன்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மருமகள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கினாள் என்று மனைவி பிறகு சொன்னாள். நான் அப்படி நினைக்கவில்லை. என் யோசனையில் தப்பில்லை, லாரியில் நம்பர் எழுதச் சொல்லும் சட்டத்தில்தான் தப்பு என்று விளக்கினேன்.

"சரி மாமா. இப்ப நான் ஒரு பாஸ்வேர்டு குடுக்கறேன், ஒருத்தராலயும் கண்டுபுடிக்க முடியாது."

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், நட்சத்திரம் எல்லாம் கலந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தாதாரர்களாலும் முடியவில்லை. போன் மேல் போன். "அண்ணே, அது பெரிய கே-யா, சின்ன கே-யா?" "அண்ணே, நட்சத்திரம் எங்க கீது?" ஒரே பேஜாரு. ஆரம்பாக்கம் பக்கத்து சந்தாதாரர் ஒருவர், மறந்துவிடப் போகிறது என்று, அதையும் பெயின்டரைக் கூப்பிட்டுத் தன் லாரியின் பின்னால் எழுதிவைத்துவிட்டார்.

பிறகு வாரம் ஒரு பாஸ்வேர்டு மாற்றி, செல்போனில் மெசேஜ் அனுப்பிப் பார்த்தோம். பொங்கல் வாழ்த்து அனுப்புவதுபோல் அதை இவர் அவருக்கு, அவர் இவருக்கு என்று அனுப்பி, சாயங்காலம் எனக்கே யாரோ அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பேப்பரில் வந்ததும் போனில் வந்ததும் எல்லோருக்கும் பொது. பக்கத்தில் இருப்பவன் கேட்டால் கொடுக்காமல் இருப்பது அநியாயம். எங்கள் பக்கத்தில் பேப்பர் படிக்கிறவன் சத்தமாகத்தான் படிப்பான். பாயும் தினமும் புதுவாயல் சென்டரில் என் பக்கத்தைத் திறந்து, சுற்றி நிற்பவர்களுக்குச் சத்தமாகத்தான் படித்துக் காட்டினார்.

நோன்பு பாதி போய்விட்டது. ரேட் கேட்பதற்காக ஒரு பாக்டரி கேட்டில் நின்றிருந்தேன். உள்ளே பழைய மிஷின் சாமான்கள் குவிந்து கிடந்தன. அதை விலை பேச பாய் வந்திருந்தார். மாட்டுச் சந்தையில் பேசுவதுபோலத்தான் எங்கள் ஆட்கள் இரும்புக் குவியலுக்கும் பேசுவார்கள். ஒருவர் கைமேல் ஒருவர் கை, மேலே துண்டு. துண்டுக்குள் விரலைப் பிடித்தால் விலை. வாய் பேசாது. சுற்றிப் பத்துப் பேர் நின்றாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாய் துண்டுக்குள் கை விட்டார், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார், கையை எடுத்தார். பேரம் முடிந்தது.

"இன்னா வெலைக்கு முடிஞ்சிது பாய்?" என்றேன்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லுவாங்களாண்ணே? என் கூடப் பொறந்தவனுக்கே சொல்ல மாட்டேன். சொன்னேன்னா நாளைக்கு எவன் எங்கிட்டக் கை குடுப்பான்?"

என் வெப்சைட்டைச் சென்டரில் உட்கார்ந்து ஊருக்கே சத்தமாகப் படித்துக் காட்டும் மனிதர் இவர். மொபெட்டை அங்கேயே திருப்பினேன். வீட்டு வாசலில் ஸ்டாண்டு போடுவதற்குள் கத்தினேன், பாஸ்வேர்டில் எழுத்தே வேண்டாம், நம்பர் மட்டும் போதும் என்று.

மருமகளுக்கு விஷயத்தை விளக்க, அவள் கையைப் பிடிக்கக் கூடாது என்பதால் மனைவியின் கையை வாங்கித் துண்டு போட்டுக் காட்டினேன். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு. முழுக்கையும் பிடித்தால் ஐந்து. ஆறு என்றால் முழுக்கை பிடித்துவிட்டு ஒரு விரல். சைபருக்கு உள்ளங்கையில் ஒரு தட்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படிக் கை பிடித்ததில்லை என்று மனைவி முணுமுணுத்தாள். (பின்னாளில் கட்டிங் மிஷினில் ஒரு விரல் போன வியாபாரி ஒருவர் சந்தாவில் சேர்ந்தார். முழுக்கை பிடித்தால் அவர் நான்கு என்று எடுத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்று கம்ப்யூட்டரைத் திட்டுவார். கடைசியில் அவருக்கு மட்டும் இடது கையில் கொடுத்தேன்.)

மருமகள் இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. நன்றாகச் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"சரி மாமா. நாலு நம்பர். திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை நான் மாத்திடறேன். நீங்க நேர்ல போய்க் குடுத்துட்டு வாங்க. ஆனா பாய் சொல்லிட்டாருன்னா அவ்ளோதான், மறுபடியும் ஊரே பாக்கும்."

"பாய் சொல்ல மாட்டாரும்மா."

"எப்படித் தெரியும்?"

"துண்டு போடுவேனே."

பாயின் சந்தா முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை வெள்ளைத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு புதுவாயல் டீக்கடைக்குப் போனேன். பாய் நோன்பு என்பதால் டீ குடிக்காமல், வண்டியில் சாய்ந்து ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சேறு துடைத்தவனும் அவன் கூட்டாளியும்கூட அங்கேதான் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கையக் குடு பாய்," என்றேன்.

"இன்னாத்துக்கு? விக்கறதுக்கு உங்கிட்ட இன்னாண்ணே கீது?"

"குடுன்னா குடு."

கையை நீட்டினார். துண்டைப் போட்டேன். துண்டு விழுந்த நிமிஷமே அவர் முகம் கல்லானது. அது அவர் செய்ததில்லை, பழக்கம் செய்தது. எல்லோரும் திரும்பினார்கள். டீ மாஸ்டர்கூட ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஒரு டம்ளரிலேயே விட்டுவிட்டுப் பார்த்தார். நான்கு நம்பரையும் நிதானமாகப் பிடித்தேன். கடைசி நம்பருக்குப் பாயின் புருவம் ஒரு முறை ஏறி இறங்கியது. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இன்னிக்கு ரேட்டு பாக்கற நம்பரு," என்றேன். "உனக்குக் குடுத்துட்டேன். இஷ்டப்பட்டா ஊருக்கே சொல்லு."

சேறு துடைத்தவன் கையில் பன்னோடு பக்கத்தில் வந்தான்.

"பாய், இன்னா நம்பரு பாய்?"

"உனக்கு இன்னாத்துக்கு?"

"டெய்லி நீதான பாய் படிச்சிச் சொல்லுவ."

"அது பேப்பரு. இது துண்டுக்குள்ள குடுத்தது. போய்ப் பன்னத் துன்னு."

பாய் யாரையும் பார்க்காமல் பிரவுசிங் சென்டருக்குள் போனார். நானும் பின்னால் போனேன். எங்கள் பின்னால் டீக்கடையில் பாதி வந்தது. பாய் ஒற்றை விரலால் நம்பரைக் குத்தினார். பிள்ளையார் வந்தார், போனார், ரேட் திறந்தது. வழக்கமாக அந்த இடத்தில்தான் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பிப்பார். செருமவில்லை. சுற்றி நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். பாய் மெல்ல நாற்காலியை முன்னுக்கு இழுத்து, அகலமான தன் முதுகை விரித்து, இடது உள்ளங்கையைத் திரையின் ஓரத்தில் வைத்து மறைத்துக்கொண்டார். சென்டர்காரர் எட்டிப் பார்த்ததற்கு, "தள்ளிப் போ தம்பி, காத்து வர்ல," என்றார்.

அந்த முதுகுக்குப் பின்னால் நின்றபடி, என் பத்திரிகை வாழ்க்கையில் முதல் முறையாக, நான் எழுதியதை ஒருவர் மற்றவர்களுக்குத் தெரியாமல் படிப்பதைப் பார்த்தேன். முழுப் பக்கத்தையும் மேலிருந்து கீழாக, உதடு அசையாமல் படித்தார். படித்து முடித்துப் பக்கத்தை மூடினார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அடுத்த வருசத்துக்கும் எழுதிக்கோண்ணே."

பக்கத்தில் நின்ற அந்தச் சேறு துடைத்தவன் தன் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, என் துண்டுக்கு நேராக நீட்டினான்.